நாலும் இரண்டும்

ஸ்டண்ட் மாடல் விமானத்தின் எஞ்சினை அதன் உச்ச வேகத்துக்குத் திருகி வைப்பவனுக்கு அந்த விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எஞ்சினை ட்யூன் செய்வதென்றால் அதனிடமிருந்து கடைசிச் சொட்டு சக்தியையும் கறந்துவிடுவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். பந்தய மாடலுக்கு அது சரி. ஸ்டண்ட் மாடலுக்கு வேண்டியது வேறு. அதன் எஞ்சின் தன்னால் முடிந்ததற்குக் குறைவாக, கொஞ்சம் சோம்பலாகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கு மேலே திரும்பும்போது தானாக விழித்துக்கொள்ள வேண்டும். மூக்கு இறங்கியதும் யாரும் சொல்லாமலே பழைய சோம்பலுக்குத் திரும்பவேண்டும். பறக்கவிடுகிறவன் கையில் எஞ்சினைக் கூட்டவோ குறைக்கவோ எந்த விசையும் கிடையாது. எல்லாம் தரையில், புறப்படுவதற்கு முந்தைய அரை நிமிஷத்தில், ஒரு ஊசியின் திருகலில் தீர்மானமாகிவிடுகிறது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் கம்பி விமானத்தைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆகவே கொஞ்சம் விவரம். பால்சா மரத்தில் செய்து, காகிதமோ பட்டோ போர்த்தி, டோப் பூசிய நாலடி இறக்கை. இடது இறக்கையின் நுனி வழியாக வெளியே வரும் மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டு. ஏறக்குறைய அறுபதடி நீளம். மறுமுனை பறக்கவிடுகிறவனின் கைப்பிடியில். அவன் மையத்தில் நின்றபடி சுழல்கிறான். விமானம் அவனைச் சுற்றி வருகிறது. கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி முன்னும் மற்றது பின்னும் போகும். விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற தகடு திரும்பி, வால் பக்கத்து எலிவேட்டரை மேலோ கீழோ தள்ளும். மனிதனுக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். அதைக்கொண்டு அவன் அரைக் கோளத்தின் உட்பரப்பில் வட்டங்கள், சதுரங்கள், முக்கோணங்கள், எட்டுகள், மணற்கடிகை, நாலிலைக் கொத்து எல்லாம் வரைகிறான். ஒவ்வொரு உருவமும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் முடியவேண்டும். ஏழு நிமிஷத்துக்குள் எல்லாம் ஆகிவிட வேண்டும்.

ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1955-இல் அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதே ஆரகனில் ஓபா செயிண்ட்கிளேர் என்பவர் அவருக்கு முன்பே கம்பியில் பறக்கவிட்டிருந்தது வெளிவந்துவிட்டது. யார் முதலில் என்ற சண்டை இலக்கியச் சிற்றேடுகளுக்கு மட்டும் உரியதல்ல என்று அறிவதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. இதற்குள் ரே ஆர்டன் 1947-இல் க்ளோ ப்ளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். பாட்டரியும் காயிலும் சுமந்து திரிந்த குட்டி எஞ்சின்களின் பாரம் பாதியாயிற்று. டியூக் பாக்ஸ் என்பவரின் பாக்ஸ் 35 அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் வந்தது. 0.35 கன அங்குலம், அதாவது ஐந்தே முக்கால் சி.சி.க்குச் சற்றுக் குறைவு. டெக்ஸஸ்காரரான ஜார்ஜ் ஆல்ட்ரிச் 1950களின் தொடக்கத்தில் வடித்த நோப்ளர் என்ற விமானமும் இந்த எஞ்சினும் சேர்ந்து ஒரு மரபாகிவிட்டன. நான் பேசப்போவது பெரும்பாலும் இந்த எஞ்சினைப் பற்றித்தான்.

ஏன் சோம்பல் வேண்டும்? ஒரு சுற்றுக்கு ஐந்தேகால் விநாடி என்று வைத்துக்கொண்டால் விமானம் மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் கம்பியை அது தன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இழுக்கிறது. அந்த இழுப்பு இருக்கும்வரைதான் அது நம் பேச்சைக் கேட்கும். தலைக்கு நேர்மேலே போகும்போது பூமி அதைக் கம்பிக்கு எதிர்த்திசையில், நம்மை நோக்கி இழுக்கிறது. ஒரு மடங்கு கழிந்துவிடுகிறது. ஏற்றத்தில் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மிச்சம் நிற்பது தன் எடையில் கால் பங்கு இழுப்புத்தான். கம்பி தொய்கிறது. அதற்கப்புறம் கைப்பிடியை எப்படிச் சாய்த்தாலும் மேலே இருப்பது விமானமல்ல. விழப்போகிற ஒரு கிலோ மரம். சரி, எப்போதுமே முழு வேகத்தில் ஓடட்டுமே என்றால், இறங்கும்போது அது இன்னும் வேகமெடுத்துத் திருப்பங்களைப் பிய்த்துக்கொண்டு போகும்; சதுரத்தின் மூலைகள் உருண்டுபோகும். ஆகவே ஏறும்போது அதிகம், இறங்கும்போது கம்மி. விசை இல்லாமல் இது நடக்கவேண்டும்.

நடக்கும் விதம் அழகானது. க்ளோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ப்ளக்குக்குள் ப்ளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. கிளப்புவதற்கு மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்கவைக்கிறோம். எஞ்சின் ஓடத்தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். முந்திய வெடிப்பின் சூடும், ப்ளாட்டினம் மெதனால் ஆவியோடு நடத்தும் ரசாயனமும் சேர்ந்து சுருளைக் கனலாகவே வைத்திருக்கும். எந்தக் கணத்தில் பற்றவேண்டும் என்று உத்தரவிட ஆளில்லை. கலவையும் சூடும் அழுத்தமும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. எரிபொருள் அதிகமாகப் போனால், மெக்கானிக் பாஷையில் ரிச் ஆனால், சுருள் குளிர்ந்து ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுத்தான் பற்றும். கட்டமைப்பில் அது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான், ஆனால் ஓடுவது ஃபோர்-ஸ்ட்ரோக் போல. இதைத்தான் நாலில் ஓடுவது என்கிறோம். ஊசியைச் சிறிது உள்ளே திருகிக் கலவையை லீன் ஆக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பற்றும், அது இரண்டு. நிமிஷத்துக்கு 9000 சுற்று என்றால் விநாடிக்கு 150. இரண்டில் ஓடும்போது காதுக்கு வருவது 150 அதிர்வு. நாலில் அதில் பாதி. அதாவது ஒரே ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே. சங்கீதம் தெரியாதவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

நாலில் ஓடும் எஞ்சினை, இரண்டாக மாறும் எல்லைக்குக் கொஞ்சம் இப்பால் நிறுத்திவைப்பதுதான் ஸ்டண்ட் ட்யூனிங். மூக்கு மேலே திரும்பியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. புரொபெல்லருக்குச் சுமை கூடி எஞ்சின் சூடேறுகிறது; டாங்க் எஞ்சினுக்குக் கீழே போய்விடுவதால் எரிபொருள் ஏறிவரச் சற்றுத் திணறுகிறது. கலவை மெலிய, எஞ்சின் எல்லையைத் தாண்டி இரண்டுக்குள் பாய்கிறது. உறுமல் ஒரு ஸ்தாயி உயர்கிறது. கம்பி கையில் விண்ணென்று நிற்கிறது. வளைவின் உச்சி கடந்து மூக்கு இறங்கியதும் மறுபடி நாலு. அமெரிக்கர்கள் இந்த நடையை நாலு-இரண்டு-நாலு என்றே குறிக்கிறார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு அவ்வளவு நீளம் வேண்டியிருக்கவில்லை. ஊசியில் விரலை வைத்தபடி, 'நாலா, ரெண்டா?' என்று கேட்பார். அதுதான் பாடம், பரீட்சை எல்லாம். நாலடியும் குறளும் என்று நான் ஒருமுறை தமாஷ் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கோயம்புத்தூரில் என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன லேத். நான் ஆங்கில பி.ஏ. படித்த கல்லூரியில் அந்தப் பிரிவில் சேர்ந்ததற்குக் காரணம் விமானமல்ல. பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரியும் உருளைக்கிழங்கும். அங்கே எங்களுக்குக் கிடைத்தது கல்கத்தாவில் தயாரான பழைய அரோரா டீசல். க்ளோ ப்ளக்கும் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்து ஊற்றித் தலையிலுள்ள திருகால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவேண்டும். முரட்டு ஜீவன், ஆனால் பொறுமையானது. பாக்ஸ் 35 மாஸ்டரின் சொந்தச் சொத்து. 1980களில் பெங்களூரில் ஒரு விமானப் படைக்காரரிடம் பழையதாக வாங்கியது. அதை மாணவர்களிடம் கொடுக்கமாட்டார். பாங்க் வேலையில் நாலு ஊர் சுற்றிவிட்டு மாற்றலாகி மறுபடி கோவைக்கு வந்த பிறகுதான், கல்யாணமாகி முடி கொட்டத் தொடங்கிய என்னை அதற்கு அருகதை உள்ளவனாக அவர் ஏற்றுக்கொண்டார். கடந்த ஆறு வருஷமாகப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் ஒரு கல்லூரி மைதானத்தின் கிழக்கு மூலையில் போகின்றன. கிரிக்கெட்காரர்கள் வருவதற்குள் முடித்துக்கொள்ளவேண்டும்.

எரிபொருளை அவரே கலப்பார். பாக்ஸின் பிஸ்டன் வார்ப்பிரும்பு. அதற்கு எண்ணெய் நிறைய வேண்டும். நாலில் ஒரு பங்குக்கும் மேல் விளக்கெண்ணெய், நைட்ரோமீத்தேன் கிடைத்தால் நூற்றுக்கு ஐந்து, மிச்சம் மெதனால். செயற்கை எண்ணெய்களை அவர் நம்புவதில்லை. விளக்கெண்ணெய் மிகையான சூட்டிலும் சட்டென்று எரிந்து போய்விடாது. இரும்பின் மேல் ஒரு படலமாக நின்று காக்கும். பிஸ்டனில் பழுப்பு வார்னிஷாகவும் படியும், அது வேறு தொல்லை. விமானம் இறங்கியதும் இறக்கையெல்லாம் வழிந்திருக்கும் அந்த எண்ணெயை அவர் விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்ப்பார். நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. கருத்திருந்தால் எஞ்சின் உள்ளே கஷ்டப்பட்டிருக்கிறது. மந்தமான ஆளை நாம் விளக்கெண்ணெய் என்று திட்டுவது எந்த நியாயத்தில் என்று தெரியவில்லை. நான் பார்த்த பொருள்களில் சூட்டில் மிக நிதானமானது அதுதான்.

மெதனாலைப் பற்றி இப்படிப் பேச முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து அறுபது பேருக்கு மேல் கொன்றது இதே திரவம்தான். அந்தச் செய்தி வந்த வாரம் மாஸ்டர் தம் டின்னைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். வீட்டில் வேலைக்கு வருகிற பெண்ணின் புருஷன் குடிக்கிறவன் என்பது மட்டும் காரணம் சொன்னார். இரண்டு மாதம் நாங்கள் பறக்கவிடவில்லை. நிறமில்லாத, தண்ணீர் போலவே கிடக்கிற, எரியும்போது வெயிலில் ஜ்வாலைகூடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இதில் எழுதிச் சேர்க்க எனக்கு வேறொன்றும் இல்லை. சொல்லாமல் தாண்டிப்போகவும் முடியவில்லை.

ஊசிக்கு வருகிறேன். எஞ்சினைக் கிளப்பி, பாட்டரியை எடுத்துவிட்டு, முதலில் அதை இரண்டில் ஓடவிடவேண்டும். பிறகு ஊசியை வெளியே திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஓசை உடைந்து நாலுக்கு இறங்கும். அங்கிருந்து இன்னும் சில கிளிக். இப்போது விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தால் இரண்டுக்குப் போகவேண்டும். இறக்கினால் உடனே திரும்ப வேண்டும். தூக்கியும் போகவில்லையென்றால் ரொம்ப ரிச். இறக்கியும் திரும்பவில்லையென்றால் லீன். அப்படியே பறக்கவிட்டால் மூன்று நிமிஷத்தில் சூடேறித் தொய்ந்துவிடும். இவ்வளவையும் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் தரையில் சரியாயிருப்பது மேலே சரியாயிராது. பறக்கும்போது புரொபெல்லரின் சுமை குறைந்து எஞ்சின் வேகமெடுக்கும். அந்த மிச்சத்தை உத்தேசமாகக் கழித்துத்தான் தரையில் வைக்கவேண்டும். எவ்வளவு என்பது அன்றைய காற்று, ஈரம், வெயில், எரிபொருள் டின் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதையெல்லாம் பொறுத்தது. மெதனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்கு வைத்த ஊசி ஒன்பது மணிக்குப் பொய்.

ஊசி தவிர வேறு வழிகளும் உண்டு. மாற்றம் ரொம்ப முரட்டுத்தனமாக, சவுக்கடி போல வந்தால் தலைக்குக் கீழே இன்னொரு மெல்லிய காஸ்கெட் போட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம். பத்து-ஆறு புரொபெல்லருக்குப் பதில் பிட்ச் குறைந்ததைப் போடலாம். பாக்ஸுக்கே உரிய ஒரு ஏப்பம் உண்டு. சில திருப்பங்களில் ஒரு கணம் விக்கிவிட்டுத் தொடரும். அதற்குப் பக்கவாட்டுப் பாதையின் ஒரு பகுதியை அடைத்துச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டர் செய்யமாட்டார். 'அது அதோட குணமுங்க, தம்பி. உங்களுக்கு இல்லீங்களா?' என்பார்.

டாங்க்கின் உயரம் இன்னொரு உலகம். டாங்க் ஊசியின் மட்டத்துக்கு மேலே இருந்தால் நேராகப் பறக்கையில் எரிபொருள் தாராளமாக இறங்கும். தலைகீழாகப் பறக்கையில் அதே டாங்க் கீழே போய்விடும், கலவை மெலியும், விமானம் வேகமெடுக்கும். ஆகவே நேராக ஐந்து சுற்று, தலைகீழாக ஐந்து சுற்று, ஸ்டாப் வாட்ச். தலைகீழில் வேகம் கூடினால் டாங்க்கை இறக்கு, குறைந்தால் ஏற்று. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி அடியில் வைக்கிறோம். ஒரு அட்டை எடுத்தால் ஊசியின் இடமும் மாறும். இப்படி ஒரு பருவம் முழுக்கப் போய்விடும். இதில் எனக்குச் சலிப்பு வருவதில்லை என்று சொன்னால் பொய். சலிப்பு வந்த பிறகும் செய்கிறோம்.

இப்போது காது. மாஸ்டருக்குச் செவி போய்க்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷம் எஞ்சின்களுக்கு அரைக்கை தூரத்தில் இருந்தவர். காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. இரைச்சலால் வரும் செவிடு முதலில் உயர்ந்த ஓசைகளைத் தின்கிறது. 4000 அதிர்வுக்குச் சுற்றுவட்டாரத்தில் தொடங்குகிறது. மனிதப் பேச்சில் மெய்யெழுத்துக்களின் கூர்மை அங்கேதான் கிடக்கிறது. ஆகவே அவருக்குப் பேரன் பேசுவது புரிவதில்லை. எஞ்சினோ 75-இலும் 150-இலும் உறுமுகிறது. அது இன்னும் கேட்கிறது. 'மனுசர் பேசறதுதானுங்க கேக்கறதில்ல. எஞ்சின் நல்லாவே கேக்குது,' என்று அவர் சொல்லும்போது அதில் வருத்தத்தை விட ஏதோ ஒரு நியாயம் நிறைவேறிய திருப்திதான் தெரியும்.

ஆனால் அது முழு உண்மையல்ல என்பது போன மழைக்காலத்துக்குப் பிறகு எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நாலும் இரண்டும் அவருக்குக் கேட்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரதேசம் இருக்கிறது. முழு நாலுமில்லை, முழு இரண்டுமில்லை. நாலின் அடியோசைக்கு மேலே இரண்டின் ஒரு சரசரப்பு, சேலையின் ஜரிகை உரசுவது போல, வந்து வந்து போகும். எல்லை நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். ஊசியை நிறுத்தவேண்டிய இடமும் அதுதான். அந்தச் சரசரப்பு உயர்ந்த ஓசைகளால் ஆனது. அது அவருக்குப் போய்விட்டது. அவர் ஊசியைத் திருகிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டார்: 'வந்திருச்சுங்களா?'

வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நிறுத்தினார். விமானம் நன்றாகவே பறந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. ஆறு வருஷம் அவர் பக்கத்தில் நின்று அவர் விரல் நிற்கும் இடத்தில் என் காதை நிறுத்தப் பழகியவன் நான். இப்போது அவர் விரல் என் காதுக்காகக் காத்து நிற்கிறது. நான் கேட்பது அந்தச் சரசரப்பைத்தானா, அல்லது அவர் ஒரு காலத்தில் நிறுத்தி வந்த இடத்தின் ஞாபகத்தையா? அவரிடம் கேட்டுச் சரிபார்க்க முடியாது. என் காதே கெட்டிருந்தால் இருவருமாகச் சேர்ந்து ஒரு பொய்யான இடத்தை நிலைநிறுத்திக்கொண்டிருப்போம், பரஸ்பர மரியாதையோடு. இலக்கிய வட்டங்களில் இது நடக்கக் கண்டிருக்கிறேன். ஒரு பெரியவரின் ரஸனை மங்கிய பிறகும், அவர் நிறுத்திய இடத்திலேயே பத்துப் பேர் பயபக்தியோடு விரலை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்ததை 1929-இல் புத்தகமாக்கினார். பி.ஏ.யில் அதைப் படித்தபோது, மாணவர்கள் எவ்வளவு மோசமாகப் படிக்கிறார்கள் என்பதற்கான நிரூபணமாகத்தான் எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். எனக்கோ இப்போது அது வேறு மாதிரி படுகிறது. பக்கத்தில் மாஸ்டர் இல்லாதபோது நம் காதுக்கு என்ன கேட்கிறது என்பதுதான் அந்தப் பரீட்சை.

பேரன் செல்போனில் ஒரு செயலி இறக்கிக் கொடுத்தான். ஓசையின் அலைகளைக் கோபுரம் கோபுரமாகத் திரையில் நிறுத்தும். நாலில் 70க்குப் பக்கத்தில் ஒரு கோபுரம். இரண்டில் அது அமிழ்ந்து அடுத்தது எழும். நடுப் பிரதேசத்தில் எல்லாம் நடுங்கும். மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார், 'இது நான் கேட்டதைத்தானுங்க காட்டுது,' என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் கிளையில் பழைய ஹெட் கேஷியர் ஒருவர் இருந்தார். கட்டை எண்ணிக்கொண்டே வருவார், பேசிக்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். கள்ள நோட்டு. எப்படித் தெரிந்தது என்றால், 'நின்னுடுச்சே' என்பார். இப்போது இயந்திரம் எண்ணுகிறது, அதுவும் பிடித்துவிடுகிறது. இதில் எனக்கு இயந்திரத்தின் மேல் புகார் இல்லை. அந்த விரல் நின்றதற்கும் இயந்திரம் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது எனக்கு விளக்கினால் கடமைப்பட்டவனாவேன். காரணம் சொல்ல முடியாத தீர்ப்பைத் தீர்ப்பாகவே ஏற்காத தொழில் என்னுடையது. விமர்சனத்தைச் சொல்கிறேன், பாங்க்கை அல்ல.

நண்பர் ஒருவர், கவிஞர், இரண்டு முறை மைதானத்துக்கு வந்தார். மூன்றாம் வாரம் கவிதையோடு வந்தார். கம்பியில் கட்டுண்ட சிறகு, வட்டத்தின் சிறை, மையத்தில் நிற்கும் கொடுங்கோலன் என்று போயிற்று. அவர் விமானத்தைப் பார்க்கவேயில்லை என்பது என் அபிப்ராயம். கம்பி அறுந்தால் அது விடுதலையாகிப் பறந்துபோகாது. மூன்று விநாடியில் மண்ணில் குத்தி நிற்கும். கம்பியின் இழுப்பில்தான் அதன் பறத்தல் இருக்கிறது. உருவகத்துக்கு அவசரப்படுகிறவன் பொருளைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். 'நீ மட்டும் காஸ்கெட்டைப் பற்றிப் பேசும்போது எதைப் பற்றிப் பேசுகிறாய்?' என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் காஸ்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் எனக்கும் கை குறுகுறுக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1959-இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம் புதுக்கவிதை விமர்சனத்தில் நிலைத்துவிட்ட பாராட்டுச் சொற்களை எண்ணிப்பாருங்கள்: இறுக்கம், செறிவு, கச்சிதம், சிக்கனம். எல்லாமே ஊசியை உள்ளே திருகுகிற சொற்கள். இன்று நம் பத்திரிகைகளுக்கு வரும் கவிதைகள் முதல் வரியிலேயே இரண்டில் ஓடுகின்றன. ஒவ்வொரு சொல்லும் வெடிக்கிறது. ஏற்றம் வருகிற இடத்தில் அவற்றுக்குப் போக இடமில்லை. ஏற்கனவே உச்சத்தில் இருக்கின்றன. நாலாவது வரியில் சூடேறித் தொய்கின்றன. பிச்சமூர்த்தியைத் தளர்ச்சி என்று ஒதுக்குகிற இளைஞர்களிடம் எனக்கு இதுதான் சொல்லத் தோன்றுகிறது. அவர் பேச்சுப் போல, நடந்துபோகிறவன் போல, வரிகளை விட்டுக்கொண்டே வருவார். அந்தத் தளர்ச்சியில் எல்லாம் தளர்ச்சியல்ல. எல்லாம் சரியான நாலுமல்ல. வெறும் ரிச் ஆன இடங்களும் உண்டு, மூக்கைத் தூக்கியும் விழிக்காத கவிதைகள். எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சகனின் வேலை. இறுக்கம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். வரட்டும்.

மாஸ்டரின் உலகமே முடிந்துபோன உலகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பாதி சரி. 1980களிலேயே எக்ஸாஸ்ட்டில் நீண்ட ட்யூன்ட் பைப்பைப் பொருத்தி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகத்தில் எஞ்சினைப் பிடித்துவைக்கும் வழி வந்துவிட்டது. நாலு-இரண்டு-நாலு பழைய பாணியாயிற்று. கடந்த இருபது வருஷங்களில் மின்மோட்டார் வந்தது. அதிலுள்ள சின்னக் கருவி புரொபெல்லரின் சுற்றை மாறாமல் வைத்துக்கொள்ளும்; மூக்கு மேலே திரும்பியதை உணர்ந்து தானே சக்தி கூட்டிக் கொடுக்கிற கருவிகளும் உண்டு. எண்ணெய் இல்லை, நாற்றம் இல்லை, காதும் போகாது. உலகப் போட்டிகளில் அவை நன்றாகவே பறக்கின்றன. இணையத்தில் பார்த்தேன், மூலைகள் கத்தியால் வெட்டியது போல இருக்கின்றன. மாஸ்டரிடம் காட்டினேன். ஒலியில்லாமல் முழுவதும் பார்த்தார். 'அருமைங்க,' என்றார். அவருக்குப் பொறாமை கிடையாது. பிறகு, அந்தப் பையன் ஏறும்போது கைப்பிடியில் என்ன தெரியும் என்று கேட்டார். ஒரே மாதிரியான இழுப்புத்தான் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'அப்ப மேல என்ன நடக்குதுன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?' என்றார். தெரியவேண்டிய அவசியமில்லை, அதற்காகத்தானே கருவி, என்று நான் உரத்துச் சொன்னேன். அவருக்கு விழுந்ததா என்று தெரியவில்லை.

இந்த மாதம் அவர் புதிதாக ஒன்று செய்கிறார். ஊசியைத் திருகும்போது இடது உள்ளங்கையை இறக்கையின் அடிப்பக்கத்தில் தட்டையாக வைத்துக்கொள்கிறார். நாலில் மரம் குலுங்குகிறது, இரண்டில் கூசுகிறது. நடுப் பிரதேசத்தில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வைத்துப் பார்த்தேன், எனக்கு எல்லாம் ஒரே நடுக்கம்தான். இரண்டு வாரமாக அவர் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்துவிட்டது என்று தலையசைத்த பிறகும் அரைக் கிளிக் வெளியே திருகினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். மணற்கடிகையின் மேல் மூலையில் எஞ்சின் சற்றுத் தாமதமாகத்தான் இரண்டுக்குப் போயிற்று, ஆனால் போயிற்று. நேராக 5.3, தலைகீழாக 5.2. இறங்கியதும் கணக்கைக் காட்டினேன். இன்னும் ஒரு அட்டையை எடுக்கவேண்டும் என்றார். கிரிக்கெட்காரர்கள் அதற்குள் ஸ்டம்ப்பை நட்டுவிட்டார்கள்.